உப்பு போடாத ஊர்

இத்தாலியில் நாங்கள் தங்கிய வீட்டில் முதல் நாள் இரவு மேசைக்கு வந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்ததும் நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேல்தோல் முறுகலாக, உள்ளே பஞ்சு பஞ்சாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ருசிதான் காணோம். மென்று விழுங்கிய பிறகும் ஏதோ இனிமேல்தான் வரப்போகிறது என்று நாக்கு காத்துக்கொண்டிருந்தது. "உப்பு போட மறந்துட்டாங்க போல" என்றான் தம்பி. மறுநாள் காலையும் அதே ரொட்டி. அதற்கடுத்த நாள் பக்கத்து ஊர் பேக்கரியில் வாங்கியதும் அதே கதை. ஒருவர் மறக்கலாம், ஊரே சேர்ந்து மறக்குமா?

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லிக்கொண்டே அம்மா கைப்பையைத் திறந்து நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தாள். அந்த வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். நோன்னா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பாட்டி என்று அர்த்தம். அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்தார்.

தம்பிக்கு மியூனிக்கில் வேலை. மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒருவழியாகப் போன அக்டோபரில் அம்மாவும் நானும் சென்னையிலிருந்து கிளம்பினோம். மியூனிக்கில் ஒரு வாரம். அப்புறம் அவன் காரிலேயே பிரென்னர் கணவாயைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கி, சுமார் 750 கிலோமீட்டர் ஓட்டி, டஸ்கனி மாநிலத்தின் தெற்கில் வால் தோர்ச்சா என்கிற பள்ளத்தாக்கில் பத்து நாள். ரோம், வெனிஸ் எதுவும் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. "படியேறிப் படம் பாக்க என்னால ஆகாது. எங்கயாவது ஒரு எடத்துல உக்கார வை" என்று சொல்லிவிட்டாள்.

தங்கியது ஓட்டலில் இல்லை, ஒரு பண்ணை வீட்டில். அக்ரித்தூரிஸ்மோ என்பார்கள். 1985-இல் இதற்கென்று சட்டமே போட்டிருக்கிறார்கள். விவசாயி தன் வீட்டில் விருந்தாளிகளைத் தங்க வைக்கலாம், சாப்பாடு போட்டுக் காசு வாங்கலாம். ஆனால் விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும். அதனால் நாம் போய் நிற்கும்போது நமக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். டிராக்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கை நீங்கள் பெயர் தெரியாமல் பார்த்திருப்பீர்கள். பல் டாக்டர் அறைக் காலண்டரில் வருமே, பச்சைக் குன்று, அதில் வளைந்து வளைந்து ஏறும் பாதை, இரு பக்கமும் ஊசி போல சைப்ரஸ் மரங்கள், அதுதான். 2004-இல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். ஆனால் காலண்டரில் உள்ள பச்சை, வசந்தகாலத்துக் கோதுமையின் பச்சை. அக்டோபரில் போனால் உழுது போட்ட களிமண்தான். சாம்பலும் பழுப்புமாகக் கட்டி கட்டியாகக் கிடந்தது. தம்பிக்கு ஒரே ஏமாற்றம். அம்மா மட்டும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தாள். "நல்ல மண்ணுடா. ஆனா மேடும் பள்ளமுமா கெடக்கே, தண்ணி எப்படி நிக்கும்?" மன்னார்குடிக்காரிக்கு உலகத்தில் எந்த நிலத்தைப் பார்த்தாலும் அதில் நெல் வருமா வராதா என்பதுதான் கேள்வி.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மதியம் மூன்று மணி. நல்ல பசி. புளியோதரை ஆஸ்திரியாவிலேயே தீர்ந்துவிட்டது. ஊருக்குள் கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. ஒரு உணவகத்தில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தால் சமையல்காரரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை. இரவுச் சாப்பாடு ஏழரைக்கு மேல். நடுவில் அடுப்பு கிடையாது.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன். நான் இருபது வருடமாகப் பசித்தபோது சாப்பிடுகிறவள். பசிக்காதபோதும் சாப்பிடுகிறவள். ஆபீசில் ஒரு கை கீபோர்டில், ஒரு கை டிபன் பாக்ஸில். ராத்திரி பத்தரைக்கு ஆப்பில் ஆர்டர் போட்டால் பரோட்டா வாசலுக்கு வரும். 'காசு கொடுக்கிறேன், சாப்பாடு இல்லை என்றால் என்ன அர்த்தம்' என்று நான் முணுமுணுக்க, அம்மா பின் சீட்டிலிருந்து சொன்னாள்: "எங்க மாமியார் வீட்டுலயும் ரெண்டு மணிக்கு அடுப்பை மொழுகிக் கோலம் போட்டாச்சுன்னா அவ்வளவுதான். அதுக்கப்புறம் வந்தவனுக்கு மோர்தான்." பண்ணை வீட்டில் எங்களுக்கு மோர் கூடக் கிடைக்கவில்லை. ஒரு கூடை திராட்சை கிடைத்தது.

பத்து நாளும் இப்படித்தான் போயிற்று. புதுசு என்று நான் வாயைப் பிளந்த ஒவ்வொன்றுக்கும் அம்மாவிடம் மன்னார்குடியில் ஒரு ஜோடி இருந்தது.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் நெடுஞ்சாலைக் கடையில் முதலில் கல்லாவில் காசு கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அதைக் கொண்டுபோய் கவுண்டரில் நீட்டினால்தான் காபி. நின்றபடி இரண்டு மடக்கு, கோப்பையை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். உட்கார்ந்து குடித்தால் பல ஊர்களில் விலை கூடும். தம்பி இதை ஒரு பெரிய பண்பாட்டு விஷயம் போல விளக்கிக்கொண்டிருந்தான். "டோக்கன் வாங்கிட்டு நின்னு குடிக்கணும், அவ்வளவுதானே? கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு" என்று அம்மா முடித்துவிட்டாள்.

ஆனால் அந்த எஸ்பிரெஸ்ஸோ அவளுக்குப் பிடிக்கவில்லை. அரை அவுன்ஸ் டிகாக்ஷனைக் கண்ணில் காட்டிவிட்டுப் பாலை மறந்துவிட்டார்கள் என்றாள். பண்ணை வீட்டில்தான் அவளுக்கு விடிவு வந்தது. அங்கே மோக்கா பாத்திரம். அல்ஃபோன்சோ பியாலெத்தி என்பவர் 1933-இல் கொண்டுவந்த எட்டு மூலை அலுமினியப் பாத்திரம். கீழே தண்ணீர், நடுவில் தூள், கொதித்த தண்ணீர் தூளைத் தாண்டி மேலே ஏறும். நம் ஃபில்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து அடுப்பில் வைத்தது போல. அதை சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, வெறும் தண்ணீர்தான் என்று நோன்னா விரலை ஆட்டி எச்சரித்தார். அம்மா பாலைச் சுண்டக் காய்ச்சி அந்த டிகாக்ஷனில் ஊற்றி, இரண்டு டம்ளரில் ஆற்றி, ஒன்றை நோன்னாவுக்குக் கொடுத்தாள். காலை பத்து மணி என்பதால் அவர் குடித்தார். அதே காபியை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நீட்டியபோது, விஷத்தைக் கண்டவர் போலப் பின்னால் நகர்ந்தார். பால் கலந்த காபி காலையில்தான். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு பாலா?

நான் இதைக் கண்மூடித்தனமான சட்டம் என்று நினைத்தேன். அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. "மோர் சாதம் சாப்பிட்டு முடிச்சவன் சாம்பார் கேட்டா பரிமாறுறவன் மூஞ்சி எப்படி இருக்கும்? அப்படித்தான்." யோசித்தால் அங்கே சாப்பாடு வந்த முறையே இலைச் சாப்பாட்டு முறைதான். முதலில் பாஸ்தாவோ சூப்போ ஒரு தட்டு. அதை எடுத்த பிறகு இறைச்சி. அதோடு தனித்தட்டில் காய். கடைசியில் இனிப்பு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்துப் பிசைந்து, போனைப் பார்த்தபடி ஏழு நிமிடத்தில் முடிக்கிற பழக்கம் என்னுடையதுதானே தவிர, தமிழர் பழக்கம் ஒன்றும் இல்லை. இது எனக்கு இத்தாலிக்குப் போய்த்தான் தெரிய வேண்டியிருந்தது.

சந்தையில் மாட்டிக்கொண்டது அம்மா. வாரச் சந்தையில் கத்தரிக்காயைப் பார்த்ததும் கை தானாகப் போயிற்று. ஒன்றை எடுத்து அமுக்கினாள், காம்பைத் திருகினாள், அடுத்ததை எடுத்தாள். கடைக்காரர் "சிஞ்ஞோரா, நோ நோ" என்று ஓடி வந்தார். அங்கே காயை நாம் தொடக் கூடாது. சூப்பர் மார்க்கெட்டில் கூட கண்ணாடித்தாள் கையுறை மாட்டிக்கொண்டுதான் எடுக்க வேண்டும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தே ஐம்பது வருடம் வாங்கியவளுக்கு இது பெரிய அவமானம். முகம் சிவந்துவிட்டது. அப்புறம் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார்: "இன்றைக்கா, நாளைக்கா?" தக்காளியை இன்றைக்குச் சமைக்கப் போகிறோமா, நாளைக்கா என்று கேட்டு, அதற்குத் தகுந்த பழமாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, தெரிஞ்சவன்தான்" என்றாள் அம்மா.

குளியலறை பற்றி இரண்டு வரி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. மியூனிக்கில் தம்பி வீட்டில் வெறும் காகிதம். அம்மா சென்னையிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் மக்கைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இத்தாலியிலோ கழுவிக்கொள்ளத் தனியாக ஒரு பீங்கான் தொட்டியே இருந்தது. பிடே. ஒரு வீட்டில் ஒரு குளியலறையிலாவது அது இருக்க வேண்டும் என்று 1975 ஜூலையில் அரசாணையே போட்டிருக்கிறார்கள். இதைத் தம்பி படித்துச் சொன்னபோது அம்மா, "மனுஷங்க" என்று ஒரே சொல்லில் அந்த நாட்டுக்குச் சான்றிதழ் கொடுத்தாள்.

அதே குளியலறையிலிருந்து ஒருநாள் நான் தலை துவட்டாமல் முற்றத்துக்கு வந்துவிட்டேன். நோன்னா அடுப்படியிலிருந்து ஒரு துண்டோடு பாய்ந்து வந்தார். காற்று அடித்துவிடுமாம். கோல்போ தாரியா, 'காற்று அடி' என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கழுத்துப் பிடிப்பு, வயிற்று வலி, சளி எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். அதற்காகத்தான் பனியன், அதற்காகத்தான் கழுத்தில் ஸ்கார்ஃப். அம்மா மொழிபெயர்ப்புக்குக் கூடக் காத்திருக்கவில்லை. "நல்லா சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டா." மார்கழியில் மஃப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு நடக்கும் மாம்பலத்து மாமாக்களை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அங்கே பேச்சு போன வழி இது: நோன்னா இத்தாலியனில் சொல்வார். ஜெர்மன்காரர்கள் நிறைய வந்து தங்குவதால் அவர் மகளுக்கு ஜெர்மன் தெரியும். அது ஜெர்மனாகித் தம்பியிடம் வரும். தம்பி அதைத் தமிழாக்கி அம்மாவிடம் கொடுப்பான். வழியில் பாதி கொட்டிப் போகும். நான்காம் நாளுக்கு மேல் இரண்டு கிழவிகளும் எங்களை நம்புவதை விட்டுவிட்டார்கள்.

சங்கடமும் இருந்தது. பியென்சா அங்கே பக்கத்து ஊர். இரண்டாம் பயஸ் போப் ஆனதும் தான் பிறந்த கிராமத்தை 1459-இலிருந்து புதுசாகக் கட்டி எழுப்பித் தன் பெயரையே வைத்த ஊர். இப்போது அந்த ஊர் தெருவில் நடந்தால் மூக்கில் ஏறுவது ஆட்டுப்பால் சீஸ் வாசனைதான். செம்மறியின் பால், பெக்கோரினோ. ஒரு கடையில் துண்டு துண்டாக வெட்டி ருசி பார்க்கக் கொடுத்தார்கள். அம்மா சுத்த சைவம். சீஸ் பாலில்தானே செய்கிறார்கள் என்று மூன்று நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் அந்தக் கடையில் அவளே கேட்டாள்: "இதுக்கு எதால உறை ஊத்துறாங்க?"

தயிர் தோய்த்து வளர்ந்த எவருக்கும் தோன்றும் முதல் கேள்வி. கடைக்காரப் பெண் மறைக்கவில்லை. ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது என்றார். அம்மா கையிலிருந்த துண்டை மெதுவாகத் தட்டிலேயே வைத்தாள். "ஒனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள். தெரியும் என்றேன். காரில் திரும்பும் வரை பேசவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் "தெரியாம சாப்ட்டது போகட்டும். தெரிஞ்சு நீ சும்மா இருந்தது சரியில்ல" என்றாள். மறுநாள் நோன்னாவின் மகள் எங்கிருந்தோ ஒரு சின்ன வட்டம் வாங்கி வந்தார். முள்செடிப் பூவைக் கொண்டு உறை ஊற்றியது. அந்த வழக்கமும் அங்கே உண்டு. அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அவள் எந்தத் தட்டையும் நம்பவில்லை. பட்டாணி நிறத்தில் ஒரு இலை, தக்காளி, வெள்ளைக் காராமணி மாதிரிப் பெரிய பயறு என்று ஒருநாள் வந்ததை ஆசையாக எடுக்கப் போனவள், அதற்குப் பெயர் 'குருவி மாதிரிப் பயறு' என்று தம்பி சொன்னதும் கையை இழுத்துக்கொண்டாள். குருவி ஒன்றும் இல்லை. சின்னப் பறவைகளைச் சமைக்கும்போது போடும் சேஜ் என்னும் வாசனை இலையைப் பயறுக்கும் போடுவதால் அந்தப் பெயர். டஸ்கனிக்காரர்களை மற்ற இத்தாலியர்கள் 'பயறு தின்னிகள்' என்று கேலி செய்வார்களாம். அம்மா அன்று இரண்டு தட்டு பயறு சாப்பிட்டாள்.

அன்று மதியம்தான் பீச்சி செய்தார்கள். சேமியாவுக்கு அண்ணன் மாதிரி, தடியான கைப் பாஸ்தா. கோதுமை மைதா, தண்ணீர், ஒரு ஸ்பூன் எண்ணெய், முட்டை கிடையாது. நோன்னா பலகை முன் நின்று ஒரு விரல் நீள மாவை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் அடியில் உருட்டுவார். நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே. மாவு பாம்பு போல நீண்டுகொண்டே போகும். எங்கும் பிரியாமல், எங்கும் தடிக்காமல், ஒரு முழத்துக்கு மேல் வந்ததும் ரவையைத் தூவி ஓரமாகச் சுருட்டிப் போடுவார். நான் உருட்டியது நடுவில் அறுந்தது. தம்பியுடையது கொழுக்கட்டை ஆனது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். முதல் இழையே ஒரே கனத்தில் வந்தது. நோன்னா நிமிர்ந்து பார்த்தார். உடனே அம்மா ஒரு சிட்டிகை மாவை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திருகித் திருகி, சுற்றுக்குள் சுற்றாக ஒரு கைமுறுக்கைப் பலகையில் இறக்கினாள். ஐந்து சுற்று. நோன்னா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பொரித்துப் பார்க்கலாமா என்று எண்ணெய்ச் சட்டியைக் காட்டினார். "வேணாம், மைதா, கல்லு மாதிரி வரும்" என்று அம்மா தமிழிலேயே சொன்னாள். அவருக்கும் புரிந்தது.

பீச்சி வேக வைக்கும் தண்ணீரில் நோன்னா கல்லுப்பை இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டார். ரொட்டிக்கு ஒரு கல் உப்பு போடாத மனுஷி! ஏன் என்று கேட்டேன். உப்பு மேல் வரி போட்டார்கள் என்று மகள் ஒரு கதை சொன்னார். கடற்கரை ஊரான பீசா, டஸ்கனியின் தலைநகரான ஃபுளோரன்ஸுக்கு உப்பு வராமல் வழியை அடைத்தது என்று இன்னொரு கதை. நோன்னாவுக்கு இரண்டிலும் ஆர்வமில்லை. ரொட்டி அப்படித்தான் என்றார். 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த ரொட்டிக்குப் பெயர்ப் பாதுகாப்புக் கொடுத்தபோது உப்பு போடாமல் இருப்பதும் விதியில் சேர்ந்தது என்று தம்பி தன் பங்குக்குச் சொன்னான்.

அன்று இரவு சாப்பிட்டு முடித்து, தட்டில் மிச்சமிருந்த பூண்டுத் தக்காளிச் சாற்றை எல்லோரும் ரொட்டியால் வழித்தார்கள். அதற்கு ஸ்கார்பெத்தா என்று பெயர், 'குட்டிச் செருப்பு'. அம்மாவும் வழித்தாள். ரொட்டி, சாறு, ரொட்டி, சாறு. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, நாம மட்டும் சோத்துலயா உப்பு போடறோம்? கொழம்புலதானே போடறோம்."

அவ்வளவுதான். இத்தனை நாளாக நான் செய்தது, வெறும் சோற்றைத் தின்று பார்த்துவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்று குறை சொன்ன வேலை. அந்த ரொட்டி பண்டமே இல்லை, சோறு. கூட வரும் பயறிலும் சீஸிலும் பன்றிக்கறியிலும் கரிக்கக் கரிக்க உப்பு. ரொட்டி அதை வாங்கிக்கொள்ள வேண்டியது. அதுவே உப்பாக இருந்தால் எதை வாங்கும்?

அந்தக் கண்ணோடு பார்த்தால் எல்லாம் வரிசையில் வந்து நின்றது. காய்ந்த ரொட்டியை அங்கே எறிவதில்லை. தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து, பச்சை வெங்காயம், தக்காளி, காடி, எண்ணெய் போட்டுப் பிசைந்தால் பன்சநெல்லா. தக்காளியில் வேக வைத்துக் கூழாக்கினால் ஒன்று. கீரை, பயறு போட்டு நேற்று வைத்த சூப்பில் ரொட்டியைப் போட்டு இன்று மறுபடி கொதிக்க வைத்தால் ரிபொல்லீத்தா. பெயரே 'மறுபடி கொதித்தது'. பழைய சோறும் சின்ன வெங்காயமும், சுண்டக் குழம்பும் வேறென்ன? நான் ரொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தபோது நோன்னா ஒன்றும் பேசாமல் கை நீட்டி நிமிர்த்தி வைத்தார். கவிழ்த்து வைத்தால் ஆகாது. சோறு சிந்தினால் என் பாட்டி செய்வதும் அதே மௌனம்தான்.

அந்த வீடு யாருடையது என்ற பேச்சும் ஒருநாள் வந்தது. இன்று அவர்களுடையது. நோன்னா சிறுமியாக இருந்தபோது அவர்கள் அங்கே வாரக்காரர்கள். மெத்சத்ரியா என்பது பாதி வாரம். கோதுமையில் பாதி, எண்ணெயில் பாதி, பன்றியில் பாதி நிலக்காரருக்கு. பண்டிகைக்குக் கோழியும் முட்டையும் தனி. வீட்டில் கல்யாணம் என்றால் அவர் சம்மதம் வேண்டும். 1964-இல்தான் புதிதாக அப்படி வாரம் எழுதக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் நகரத்துக்குப் போய்விட்டார்கள். காலியான கல்வீடுகள்தான் இன்றைய விடுமுறை வீடுகள். அம்மா முழுவதையும் கேட்டாள். எங்கள் தாத்தா வீடு வாரம் அளந்த வீடு இல்லை, வாரம் வாங்கிய நிலக்காரர் வீடு. 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது தாத்தா அரசாங்கத்தைத் திட்டியது அந்தக் குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை. அம்மா அந்தக் கதையை அங்கே சொல்லவில்லை. "கஷ்டம்தான்" என்று மட்டும் சொன்னாள். தம்பியும் அதற்கு மேல் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

கடைசி மூன்று நாள் ஆலிவ் பறிப்பு. மரத்தடியில் வலையை விரித்துவிட்டு, சீப்பு மாதிரி ஒரு கை வாரியால் கிளையைச் சீவ வேண்டும். பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாகக் காய்கள் சடசடவென்று கொட்டும். நானும் தம்பியும் சீவினோம். அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இலையும் குச்சியும் பொறுக்கினாள். ஒவ்வொரு மரமும் ஒற்றை அடிமரமாக இல்லாமல், மூன்று நான்கு தண்டாகப் பிரிந்து நின்றது ஏன் என்று அவள்தான் கேட்டாள். 1985 ஜனவரியில் டஸ்கனியில் ஒரு பெரும் குளிர். ஃபுளோரன்ஸ் பக்கத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 23 டிகிரி வரை போயிற்று. ஆலிவ் மரங்கள் பட்டை வெடித்துச் செத்தன. தரையோடு வெட்டித் தள்ளினார்கள். வேர் மட்டும் சாகவில்லை. பக்கத்தில் துளிர்த்தவைதான் இவை.

அம்மா பொறுக்குவதை நிறுத்திவிட்டாள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் எங்கள் கொல்லையில் தென்னை எல்லாம் ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்தன. "தென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்ல" என்றாள். நோன்னா என்ன என்று கேட்டார். தம்பி போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினான். அவர் வெகுநேரம் பார்த்தார்.

பறித்த அன்றைக்கே கூடைகளை மில்லுக்குக் கொண்டுபோனோம். மாட்டுச் செக்கு இருக்கும் என்று எதிர்பார்த்த அம்மாவுக்கு, ஆஸ்பத்திரி போலப் பளபளத்த எஃகு இயந்திரங்களைப் பார்த்து ஏமாற்றம். அரைத்த விழுது 27 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. அப்போதுதான் குளிர்ச்சியில் எடுத்த எண்ணெய் என்று புட்டியில் போடலாம். நூறு கிலோ காய்க்குப் பதினைந்து கிலோ எண்ணெய் வந்தால் நல்ல வருடம். "எள்ளா இருந்தா இதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல குடுக்கும்" என்று கணக்குப் போட்டாள். ஒரு மூலையில் தணல் மூட்டி ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தார்கள். சூடாக எடுத்துப் பூண்டுப் பல்லைத் தேய்த்து, குழாயிலிருந்து நேரே எண்ணெயை ஊற்றி, மேலே உப்பு. பச்சைப் புல் நிறம். கடித்த அம்மாவுக்குத் தொண்டை கமறி இருமல் வந்துவிட்டது. மில்காரர் முகமெல்லாம் சிரிப்பு. இருமல் வந்தால்தான் அது புது எண்ணெய்.

அந்த மேசையில் உப்புக் கிண்ணத்தை அம்மா கேட்டாள். நான் எடுத்து நீட்டினேன். நோன்னாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் "ஊஹூம்" என்றார்கள். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மன்னார்குடியில் சட்டம். அங்கேயும் சட்டமாம். அதைப் பார்த்து இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். அங்கிருந்து பேச்சு கண் திருஷ்டிக்குப் போயிற்று. அவர்கள் தட்டில் தண்ணீர் வைத்து அதில் எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். சொட்டு எப்படிப் பரவுகிறது என்பதில் திருஷ்டி தெரியும். நாங்கள் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவோம் என்று அம்மா நடித்துக் காட்டினாள். இருமல் உட்பட.

கிளம்பும் அன்று நோன்னா ஒரு முழு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னுக்குக் காசு வாங்கிக்கொண்டார், ரொட்டிக்கு வாங்கவில்லை. நார்த்தங்காய் பாட்டில் அங்கேயே தங்கிவிட்டது.

மியூனிக் வந்து மூன்றாம் நாள் ரொட்டி கட்டை மாதிரி ஆகிவிட்டது. எறிய அம்மாவுக்கு மனசு வரவில்லை. துண்டு போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசிறி, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்து, அந்தப் புது எண்ணெயிலேயே உப்புமா கிளறினாள். ஒரு வாய் வைத்ததும் தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"அம்மா, உப்பே இல்ல."

"ரொட்டியில இருக்குமேன்னு கம்மியாப் போட்டேன்" என்று சொல்லும்போதே அவளுக்கு உறைத்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போய், உப்பு டப்பாவை எடுத்து வந்து மேசை மேல் வைத்தாள்.